குறி கிருமிக்கே, மனிதனுக்கன்று!

நாணத்தினால் மூடிவைக்கப்படும் நோய் வளரும். வெளிச்சத்திற்குக் கொண்டுவரப்படும் நோய் ஒடுங்கும். வைத்திய உலகம் நெடுங்காலமாக அறிந்துவைத்திருக்கும் உண்மை இது. ஆயினும், வெட்டை நோய் என்னும் பெயரைப் பத்திரிகையிலே அச்சிடுவதற்கும் வீட்டிலே உச்சரிப்பதற்கும் கூசுகின்ற சமுதாயமாகவே நாம் இன்றும் இருந்து வருகின்றோம். அரசியலையும் விலைவாசியையும் பேசவேண்டிய பக்கத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பாரும் உளர். மக்களின் உடல்நலத்தைக் காப்பது அரசாங்கத்தின் முதற் கடமைகளுள் ஒன்று என்றால், அக்கடமை எவ்வழியில் நிறைவேற்றப்படல் வேண்டும் என்னும் கேள்வியும் அரசியற் கேள்வியே என்பது எமது விடை.

2020ஆம் ஆண்டில் மாத்திரம், 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்டோரிடையே ஏறக்குறைய 8 கோடியே 20 இலட்சம் புதிய வெட்டை நோய்த் தொற்றுகள் உலகெங்கும் ஏற்பட்டன என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. இதனை ஒழுக்கங் கெட்டவர்களின் நோய் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள எவராலும் இயலாது. கணவனிடமிருந்து மனைவிக்குத் தொற்றுங்கால், அவளுக்குப் பெரும்பாலும் எவ்வித நோவும் தோன்றுவதில்லை. நோவின்றியே அக்கிருமி கருப்பைக் குழாய்களை அரித்துவிடுகின்றது. பின்னர் பிள்ளையில்லை என்ற பழி அவள் தலையிலேயே விழுகின்றது. நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தையின் கண்களிலே கிருமி பற்றிக்கொண்டால், சிகிச்சை தாமதிக்கும் இடத்தில் பார்வையே பறிபோகும். அந்தப் பச்சிளங் குழந்தை எந்த ஒழுக்கத்தை மீறியது?

இந்நோயைத் துரத்துவதற்கு விஞ்ஞானம் இன்று கூர்மையான கருவி ஒன்றைத் தந்திருக்கின்றது. கிருமியின் பரம்பரையலகுகளை எழுத்தெழுத்தாக வாசித்து, அது எக்குலத்தைச் சேர்ந்தது, எவ்வழியாக வந்தது, எந்த மருந்தை எதிர்க்கும் வலிமையுடையது என்று கூறும் கருவி அது. கருவி சிறந்தது, அதில் ஐயமில்லை. அதனை யார் கையில், எந்த நோக்கத்துக்காக ஒப்படைக்கப்போகின்றோம் என்பதே எம்முன் நிற்கும் கேள்வி.

மருந்துகள் தோற்ற கதை

வெட்டை நோயின் கிருமியை 1879ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் அல்பேர்ட் நைசர் என்னும் ஜேர்மானிய வைத்தியர். அதனை அடக்கும் மருந்து கைக்கு வருவதற்கு அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1930களிலே சல்பா மருந்துகள் வந்தன. பத்து ஆண்டுகள் கழிவதற்குள் கிருமி அவற்றை வென்றுவிட்டது. இரண்டாவது உலக யுத்தகாலத்திலே பெனிசிலின் வந்தது. முதலிற் சிறிதளவு போதியதாயிருந்தது. பின்னர் ஆண்டுதோறும் அளவைக் கூட்டவேண்டியதாயிற்று. 1976ஆம் ஆண்டில், பெனிசிலினையே சிதைத்துவிடும் ஆற்றல்பெற்ற கிருமிகள் தோன்றின. தெட்ராசைக்கிளின் 1980களிலே வலுவிழந்தது. குயினொலோன் வகை மருந்துகளை 2007இல் அமெரிக்கா கைவிட்டது. வாயினால் விழுங்கும் செபிக்சிம் குளிசையை 2012இல் முதன்மைச் சிகிச்சையிலிருந்து நீக்கியது.

இன்று உலகின் பெரும்பகுதியிலே நம்பத்தக்கதாக எஞ்சியிருப்பது செப்ட்ரியாக்சோன் என்னும் ஊசிமருந்து ஒன்றே. சொலிபுளொடாசின் போன்ற புதிய மருந்துகள் பரிசோதனைகளைக் கடந்து வந்துள்ளன என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், வந்த மருந்து ஒவ்வொன்றையும் தோற்கடித்த கிருமி, புதிய மருந்தின் முன் மாத்திரம் பணிந்து நிற்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. ஆகவே, மருந்தைத் தேடுவதோடு, கிருமி நடமாடும் பாதையையும் அறிதல் இன்றியமையாததாகின்றது.

பட்டி மாடும் சுட்ட குறியும்

வன்னியிலும் மட்டக்களப்பிலும் பட்டி மாடு வளர்ப்போர்க்கு இதனை விளக்குவதற்கு நீண்ட வியாக்கியானம் தேவையில்லை. இரவிலே மாடு புகுந்து வயலைத் தின்றுவிட்டால், விடிந்தபின் ஊரைக் கூட்டிக் கூச்சலிடுவதாற் பயனில்லை. பிடிபட்ட மாட்டின் தொடையிலே சுட்டிருக்கும் குறியைப் பார்த்தால், அது எந்தப் பட்டியிலிருந்து வந்தது என்பது விளங்கும். குறி விளங்கினால், எந்தப் பக்கத்து வேலியை அடைக்கவேண்டும் என்பதும் விளங்கும்.

பூதக்கண்ணாடியிலே பார்க்கும்போது வெட்டை நோய்க் கிருமிகள் யாவும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டு கோப்பிக் கொட்டைகளை முகத்துக்கு முகம் வைத்தாற்போன்ற வடிவம். ஆனால், ஒவ்வொன்றுக்கும் பிறவிக்குறி உண்டு. அக்குறியை வாசிக்கும் முயற்சி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1970களிலே, எந்தச் சத்துப் பொருள் இல்லாவிடில் ஒரு கிருமி வளராது என்று பார்த்து வகைப்படுத்தினர். 1980களிலே, கிருமியின் மேற்புறத்துப் புரதத்தோடு எந்தப் பிறபொருளெதிரி ஒட்டுகின்றது என்று பார்த்தனர். 2004ஆம் ஆண்டில், மேற்புறப் புரதங்களை ஆக்கும் இரண்டு பரம்பரையலகுகளை மாத்திரம் வாசித்து இலக்கமிடும் முறை வந்தது. ஐரோப்பாவில் செபிக்சிம் மருந்தின் வலுவைக் குறைத்த குலம் 1407 என்னும் இலக்கத்தைப் பெற்றது இம்முறையினாலேயே. பின்னர், மருந்தை எதிர்ப்பதில் பங்குகொள்ளும் ஏழு பரம்பரையலகுகளைக் கொண்டு இலக்கமிடும் முறையைக் கனடா நாட்டவர் 2017இல் வெளியிட்டனர்.

இவ்வெல்லா முறைகளிலும் ஒரு குறைபாடு இருந்தது. இக்கிருமி, அயலிலே கிடக்கும் பிற கிருமிகளின் டி.என்.ஏ. துண்டுகளைப் பொறுக்கித் தன்னுடையதாக்கிக்கொள்ளும் இயல்புடையது. மனிதரின் தொண்டையிலே தீங்கின்றி வாழும் அதன் ஒன்றுவிட்ட உறவினரிடமிருந்து மருந்தெதிர்ப்பைக் கடன்வாங்கிய வரலாறும் உண்டு. ஓரிரு குறிகளை மட்டும் பார்த்தால், குறி மாறிய மாட்டைக் கண்டு ஏமாந்த கதையாகும். ஆதலாலேயே, இப்பொழுது கிருமியின் டி.என்.ஏ. முழுவதையும், ஏறக்குறைய 22 இலட்சம் எழுத்துகளையும், ஒருங்கே வாசிக்கின்றனர். ஓராண்டிலே அவ்வெழுத்துகளுள் மூன்று நான்கு மாத்திரமே சராசரியாக மாறுகின்றன. எனவே, இரு நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளுக்கிடையே ஓரிரண்டு எழுத்துகளே வேறுபட்டால், அவை அண்மைக் காலத்தில் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் வேறுபட்டால், அவ்விருவரையும் ஒரு சங்கிலியிற் கோப்பது தவறு.

குறி காட்டிய வழிகள்

1976இல் நிகழ்ந்ததை முதலிற் பார்ப்போம். பெனிசிலினைச் சிதைக்கும் கிருமி, ஏறக்குறைய ஒரே காலத்திற் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தோன்றியது. ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்கு அது சென்றது என்று கருதுவதே இயல்பு. ஆனால், அவ்வாற்றலைத் தாங்கியிருந்த பிளாஸ்மிட்டு என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தை ஆராய்ந்தபோது, இரண்டும் வெவ்வேறு அளவினவாய் இருந்தன. சிறிய வளையத்தின் தடம் மேற்கு ஆபிரிக்காவை நோக்கிச் சென்றது. பெரியதன் தடம் தூர கிழக்கு நாடுகளை நோக்கிச் சென்றது. தீமை ஒன்று, அது புகுந்த வாசல்கள் இரண்டு. குறியைப் பாராதிருந்தால், ஒரு வாசலை அடைத்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்பார்கள்.

அடுத்தது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். 2014ஆம் ஆண்டின் இறுதியில், அசித்ரோமைசின் மருந்துக்குச் சிறிதும் மசியாத கிருமி அங்கே தோன்றியது. அக்காலத்தில் பிரித்தானியாவில் அசித்ரோமைசினையும் செப்ட்ரியாக்சோனையும் சேர்த்தே கொடுத்துவந்தனர். ஒன்றிலிருந்து கிருமி தப்பினால் மற்றது கொல்லும் என்பது எண்ணம். இரண்டு தூண்களுள் ஒன்று சரிந்ததும், அதிகாரிகள் விழித்துக்கொண்டனர். நோயாளிகளை விசாரித்தனர், ஆனால், அவர்கள் குறிப்பிட்ட துணைவர்களிற் பலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சிலருக்குத் தம்மோடு கூடியவரின் பெயரே தெரியாது. மனிதரின் வாய்மொழி நின்றுபோன இடத்திலே கிருமியின் எழுத்து பேசியது. வட இங்கிலாந்திலே தொடங்கியது இலண்டன் வரை சென்றதையும், ஆண் பெண் உறவுகளிடையே பரவியது பின்னர் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையேயும் புகுந்ததையும் அவ்வெழுத்தினாலேயே தொடர்ந்து காண முடிந்தது. அசித்ரோமைசின் எங்கும் வலுவிழந்துவருவதைக் கண்ட பிரித்தானியா, பின்னர் அதனை வழமையான சிகிச்சையிலிருந்து நீக்கிற்று. 2020இல் அமெரிக்காவும் அவ்வாறே செய்தது.

மூன்றாவது செய்தியே எல்லாவற்றினும் பாரதூரமானது. செப்ட்ரியாக்சோனைக் கடுமையாக எதிர்க்கும் கிருமி, 2009இல் யப்பானின் கியோட்டோ நகரில் ஒரு பெண்ணின் தொண்டையிலே முதன்முதலாகக் காணப்பட்டது. உலகம் அஞ்சியது. ஆயினும், அக்குலம் பரவவில்லை. கிருமி மருந்தை வெல்லலாம், ஆனால் வென்ற களைப்பிலே தானும் நலிந்துவிடும் என்று ஆறுதல் கொண்டவர்களும் இருந்தனர். 2015இல் அதே யப்பானில் வேறொரு குலம் தோன்றியது, எஃப்.சி. 428 என்று அதற்குப் பெயரிட்டனர். 2017இல் டென்மார்க்கிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அதன் உறவுகள் அகப்பட்டன. அதன்பின் வேறு பல நாடுகளிலும் அகப்பட்டன. இவை ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே முளைத்தவை அல்ல, ஒரே வித்திலிருந்து கிளைத்தவை என்று உரைத்தது பரம்பரையலகு வாசிப்பே. மருந்தை வென்ற கிருமி நலிந்துவிடும் என்ற ஆறுதல் அன்றோடு அகன்றது.

2018இல் பிரித்தானியாவில் ஒருவருக்கு, செப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் எதிர்த்த கிருமி தொற்றியிருந்தது. தென்கிழக்கு ஆசியாவிலே அவருக்கு அது தொற்றியிருந்தது. எர்த்தாபெனம் என்னும் வேறொரு மருந்தை நாளத்தினூடாகச் செலுத்தியே அவரைக் குணப்படுத்தினர். அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவில் அகப்பட்ட இரண்டு கிருமிகள் அதனோடு மிக நெருங்கிய உறவுடையனவாய் இருந்தன. ஒருவரையொருவர் அறியாத மூவர், இரு கண்டங்கள், ஒரே குலம்! இதனைக் காட்டுவதற்கு வேறு எந்தச் சாட்சி உண்டு?

குறி சொல்லாதவை

இத்துணை வல்லமையுடைய கருவி எதைச் சொல்லாது என்பதையும் நாம் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். இரண்டு கிருமிகள் உறவுடையவை என்று அது சொல்லும். யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லாது. இருவருக்கு இடையிலே, வைத்தியசாலைக்கு வராத மூன்றாமவர் ஒருவர் இருந்திருக்கலாம், நால்வரும் இருந்திருக்கலாம். ஒருவர் மற்றவருக்குக் கொடுத்திருக்கலாம். இருவரும் வேறொருவரிடம் பெற்றிருக்கலாம். எச்.ஐ.வி. நோயிலே இத்தகைய வாசிப்பைச் சில நாடுகளில் நீதிமன்றங்களுக்கே கொண்டுசென்றனர். ஒருவரிடமிருந்தே மற்றவருக்குச் சென்றது என்பதை இதைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது என்று விஞ்ஞானிகளே எச்சரித்தனர். அமெரிக்காவிலே, தங்கள் சம்மதமின்றித் தங்கள் கிருமியின் எழுத்துகள் ஆராயப்படுவதை அந்நோயுடன் வாழ்வோர் எதிர்த்துக் குரல் கொடுத்துமுள்ளனர். அக்குரலிலே நியாயம் உண்டு.

மாட்டுக்குச் சுடவேண்டிய குறியை மனிதனுக்குச் சுடத் தொடங்கினால் விளைவு என்ன? நோயுற்றவன் வைத்தியசாலையின் படியை மிதிக்கமாட்டான். மருந்துக்கடையிலே பெயர் சொல்லாமல் நான்கு குளிசைகளை வாங்கி விழுங்குவான். நோவு அடங்கும், கிருமி அடங்காது. அரைகுறையாக மருந்துண்ட கிருமியே அடுத்த மருந்தை வெல்லப் பழகுகின்றது. வைத்தியசாலைக்கு வராதவனிடமிருந்து கிருமியை எடுக்க முடியாது. எடுக்காத கிருமியை வாசிக்கவும் முடியாது. மனிதனைத் துரத்தும் அரசாங்கம், கிருமியின் தடத்தைத் தானே அழித்துவிடுகின்றது. இரகசியத்தைக் காப்பது நோயாளிக்குக் காட்டும் கருணை மட்டுமன்று. நோயைப் பிடிப்பதற்கு அதுவே முதல் உபாயம் என்பதை இரக்கமற்றவர்களும் உணரல் வேண்டும்.

பழியை அயலான் மேற் சுமத்துவதும் இத்தகையதே. மேகப்புண் ஐரோப்பாவிலே பரவிய காலத்தில், இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் அதனை நாப்போலி நோய் என்றனர். எமது நாட்டிலும் கிராமங்களை வாட்டிய ஒரு புண்நோய்க்குப் பறங்கி என்ற பெயரே நிலைத்தது. பெயர் வைத்ததனால் எவரது புண்ணும் ஆறவில்லை. அதனை ஒடுக்கியது ஊசிமருந்து. பரம்பரையலகு வாசிப்பு ஒரு நாட்டின் பெயரைச் சொல்லும்போது, எவ்வழியாக மருந்து தோற்கின்றது என்று அது எச்சரிக்கின்றதேயன்றி, அந்நாட்டவரை வெறுக்கச் சொல்லவில்லை. வெளிநாட்டிலே உழைத்து வீடு திரும்பும் எமது பிள்ளைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதற்கு இதனைச் சாட்டாக்குவோர், விஞ்ஞானத்தின் பெயரால் அநீதி செய்பவர்களேயாவர்.

செய்யவேண்டியவை

முதலாவதாக, உயிருள்ள கிருமியை வளர்க்கும் வசதி அழியவிடப்படலாகாது. சிறுநீரைச் சோதித்து நோய் உண்டா இல்லையா என்று விரைவாகச் சொல்லும் புதிய சோதனைகள் நல்லவைதாம். ஆனால், அவற்றிலே உயிருள்ள கிருமி கைக்கு வருவதில்லை. எந்த மருந்துக்கு அது சாகும் என்பதைப் பார்த்தறியவும் வழியில்லை. அறிகுறியை மாத்திரம் பார்த்து மருந்தைக் கொடுத்தனுப்பும் இடங்களிலோ, எதுவுமே எஞ்சுவதில்லை. வித்துநெல்லையெல்லாம் குற்றி உண்டுவிட்டால், அடுத்த போகத்தில் எதை விதைப்பது என்று கமக்காரன் அறிவான். ஒரு பங்கு கிருமியையேனும் வளர்த்துப் பேணாத நாடு, மருந்து தோற்கும் நாளை முன்னதாக அறியமாட்டாது.

இரண்டாவதாக, கிருமியின் எழுத்தும் மனிதனின் பெயரும் ஒரே ஏட்டிலே இருத்தலாகாது. ஆய்வுகூடத்துக்கு இலக்கம் போதும். பெயரை அறிந்திருக்கவேண்டியவர் சிகிச்சையளிக்கும் வைத்தியரும், துணைவருக்குச் செய்தியறிவிக்கும் பொறுப்புள்ள உத்தியோகத்தருமே. பொலிசாருக்கோ, தொழில் கொடுப்போருக்கோ, நாட்டைவிட்டு அனுப்பும் அதிகாரிகளுக்கோ அந்த ஏடு திறக்கப்படலாகாது. இது நல்லெண்ணத்துக்கு விடப்படாமற் சட்டத்திலே எழுதப்படல் வேண்டும்.

மூன்றாவதாக, நோயாளியின் துணைவரை நாடிச் சென்று சிகிச்சைக்கு அழைக்கும் பணிக்கு ஆளும் பணமும் வேண்டும். இயந்திரம் எழுத்தை வாசிக்கும்; ஒரு பெண்ணின் வீட்டுக்குச் சென்று, அக்கம்பக்கம் அறியாமல், அவள் மனம் நோகாமற் செய்தி சொல்லாது. லீட்ஸ் நகரத்தின் அனுபவம் இதனையும் சேர்த்தே கற்பிக்கின்றது. சங்கிலியை இயந்திரம் காட்டியது. ஆனால், சங்கிலியை அறுப்பதற்கு மனிதரே தேவைப்பட்டனர்.

இவையெல்லாம் எம்மைப்போன்ற சிறிய நாட்டுக்கு எட்டாத காரியங்கள் என்று சொல்லிக் கைகழுவுவது பொருந்தாது. மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் இலங்கைக்குச் சான்றளித்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண்ணும் தொற்றுவதை ஒழித்தமைக்கு 2019இல் மீண்டும் சான்றளித்தது. இவ்விரு வெற்றிகளும் விலையுயர்ந்த இயந்திரங்களினால் மாத்திரம் கிடைத்தவை அல்ல. வீடுவீடாகச் சென்ற மருத்துவ மாதரும், காய்ச்சற்காரரைத் தேடித் திரிந்த சுகாதார உத்தியோகத்தரும், அவர்களை நம்பிக் கதவு திறந்த மக்களும் சேர்ந்து ஈட்டியவை. கர்ப்பிணிப் பெண் தன் இரத்தத்தைக் கொடுத்தபோது, அதனைக் கொண்டு தன்னை அவமானப்படுத்தமாட்டார்கள் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையே எமது சுகாதாரப் பகுதியின் மூலதனம். பாலியல் நோய்களுக்கு இலவசமாகவும் இரகசியமாகவும் சிகிச்சையளிக்கும் அரசாங்க நிலையங்கள் எமது நாட்டில் உண்டு. அவற்றை நாடிச் செல்பவனைக் கண்டு ஊர் நகைக்குமாயின், அந்நகைப்பே கிருமிக்கு ஊர் செய்யும் உபகாரம்.

கற்றோர்க்கு இங்கே ஒரு சிறப்பான பொறுப்பு உண்டு. வைத்தியர் நோயாளியைத் திட்டாமல் விசாரிக்கட்டும். மருந்துக்கடைக்காரர் வைத்தியரின் சீட்டின்றிக் கிருமிகொல்லி மருந்தை விற்காதிருக்கட்டும். வழக்கறிஞர் இரகசியத்தைக் காக்கும் சட்டத்தை ஆக்குவதற்கு வாதாடட்டும். ஆசிரியர் வளர்ந்த பிள்ளைகளுக்கு நோயின் பெயரைக் கூசாது சொல்லட்டும். கமக்காரரோ, களையை வெறுத்துப் பயிரை மிதிக்கக்கூடாதென்பதை எவரும் சொல்லாமலே அறிந்தவர்கள்.

கிருமியின் எழுத்தை 22 இலட்சம் வரை வாசிக்க விஞ்ஞானம் கற்றுவிட்டது. அந்த எழுத்திலே ஒரு மனிதனின் குற்றத்தையும் வாசிக்கலாம் என்று ஆட்சியாளரோ ஊராரோ மயங்குவாராயின், கடைசி மருந்தும் தோற்றபின், வாசித்ததனாற் கண்ட பயன் எதுவுமிராது. குறி கிருமியின்மேல் விழட்டும். மனிதன் தலைநிமிர்ந்து வைத்தியசாலைக்குள் நுழையட்டும்.